சுருதி நில்லாக் கிதார்: குறை எங்கே?

இசைக்கருவிகளுள் நரம்புக்கருவிக்கு ஒரு தனி இயல்பு உண்டு. குழலின் சுருதி, அது துளையிடப்பட்ட அன்றே பெரும்பாலும் தீர்மானமாகி விடுகிறது. நரம்புக்கருவியோ ஒவ்வொரு நாளும், ஏன், ஒவ்வொரு பாடலுக்கு முன்னும் சுருதி கூட்டப்பெற்ற பின்னரே இசைக்கத் தகுவதாகிறது. கூட்டிய சுருதி நில்லாது நழுவுமாயின் கருவியும் பயனற்றதாகும். கற்பவர் உள்ளமும் சோர்வடையும்.

இன்று நம் மாணவரிடையே பெரிதும் பரவியுள்ள நரம்புக்கருவி கிதார் ஆகும். கோவைத்தம்பி அவர்களின் தயாரிப்பில் 1982-இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் இளையராஜா அமைத்த ‘இளைய நிலா’ பாடலின் கிதார் இசையைத் தாமும் இசைத்துப் பார்க்க விரும்பாத இளைஞர் கொங்கு நாட்டில் அரியர். கல்லூரி விழாக்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் மின்கிதார் இடம்பெறாத மேடை இல்லை எனலாம். ஆயினும் பெற்றோர் அரிதின் ஈட்டிய பொருளில் வாங்கப்பட்ட கிதார்கள் பல, சில திங்களில் அலமாரியின் மேல் ஏறிவிடுகின்றன. ‘கருவி சரியில்லை’ என்று சிலர் கைவிடுகின்றனர். ‘உனக்குச் சுருதி ஞானம் இல்லை’ என்று பிறர் சொல்லக் கேட்டுச் சிலர் கைவிடுகின்றனர். இவற்றுள் பின்னது கொடிது. கருவியின் சிறு குறையைக் கற்பவன் செவியின் குறையாகக் கொள்வது ஒரு திறனையே தளிரில் கிள்ளி எறிவதாகும். ஆகவே சுருதி ஏன் நழுவுகிறது, குறை எங்கே இருக்கிறது, அதனை எவ்வாறு தேடிக் காண்பது என்பதனை ஈண்டு நாம் காண்போம்.

குற்றம் ஆராய்ந்த மரபு

கருவியின் குற்றத்தை முதலில் ஆராய்தல் தமிழருக்குப் புதியதன்று. திருத்தக்கதேவர் இயற்றிய சீவகசிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வந்த சீவகன், தன்முன் வைக்கப்பட்ட யாழ்களை உடனே வாசிக்கத் தொடங்கவில்லை. நீரில் நின்ற மரத்தால் ஆனது, வாளால் புண்பட்டது, இடி வீழ்ந்தது, வெந்தது என மரத்தின் குற்றங்களைக் கூறி ஒவ்வொன்றாக விலக்குகிறான். நரம்பினுள் மயிர் கிடப்பதையும் சுட்டுகிறான். கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நரம்பின் குற்றம் நான்கு என்பது பழைய மரபு. நரம்பு சீராகத் திரிக்கப்படாமையும், அதில் வேற்றுப்பொருள் கலந்திருத்தலும் சுருதியைக் கெடுக்கும் என்பதே இதன் கருத்து.

சிலப்பதிகாரக் கானல்வரியில் மாதவியின் கைக்கு வரும் யாழும் குற்றம் நீங்கிய யாழாகவே சொல்லப்படுகிறது. அதன்பின் அவள் நிகழ்த்தும் கலைத்தொழில் எட்டனுள் முதலாவது ‘பண்ணல்’. அது நரம்புகளைச் சுருதிக்கு நிறுத்துதல். அடுத்து வருவனவற்றுள் ஒன்று ‘ஆராய்தல்’. அது நிறுத்திய சுருதியைச் சோதித்தல். குற்றமற்ற கருவியும் கூட்டிய பின் சோதிக்கப்பட வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

இத்துறையில் கொங்கு நாட்டிற்கும் பெரும் பங்கு உண்டு. பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவற்றின் நரம்புத் தொகையை நமக்கு உரைத்த அடியார்க்குநல்லார், கொங்கு நாட்டு நிரம்பையைச் சார்ந்தவராகக் கருதப்படுபவர். உதயணனின் கோடபதி யாழ் யானையை வயப்படுத்திய கதையைக் கூறும் பெருங்கதையின் ஆசிரியர் கொங்குவேளிர், விசயமங்கலத்தவர் என்பர். உ.வே. சாமிநாதையர் சிந்தாமணியை 1887-இலும், சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் 1892-இலும் பதிப்பித்தமையால் இச்செய்திகள் நம் கைக்கு எட்டின. விபுலாநந்த அடிகள் 1947-இல் வெளியிட்ட யாழ்நூல் அவற்றை இசைக்கணக்கோடு இணைத்துக் காட்டியது.

கிதாரின் முன்னோர் வரலாற்றில் அரபுலகிற்கும் இடமுண்டு. ‘ஊத்’ என்னும் அரபுச் சொல்லுக்கு மரம் என்பது பொருள். ‘அல்-ஊத்’ என்பதே ஐரோப்பாவில் ‘லூட்’ எனத் திரிந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தியும், 950-இல் மறைந்த அல்-ஃபாராபியும் ஊத்தின் நரம்புகளில் சுரத்தானங்கள் அமையும் முறையைக் கணக்கிட்டு எழுதினர். கருவியைச் செவியால் மட்டுமன்றி அறிவாலும் அணுகிய மரபு இது. அவ்வழியே மின்கிதாரையும் அணுகுவோம்.

மின்சாரம் குற்றவாளியன்று

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். மின்னழுத்தம் குறைந்தால் மோட்டார் திணறுவதையும், மின்கலம் தீர்ந்த டேப்ரிக்கார்டரில் பாட்டு இழுபடுவதையும் கண்டு பழகியவர்கள், மின்கிதாரின் சுருதி இறங்கினாலும் மின்சாரத்தையோ ஆம்ப்ளிஃபயரையோ ஐயுறுகின்றனர். டேப்ரிக்கார்டரில் நாடாவைச் சுழற்றுவது மோட்டார். அதன் வேகம் குறையச் சுருதியும் இறங்கும். மின்கிதாரில் அவ்வாறு சுழல்வது எதுவும் இல்லை.

மின்கிதாரின் தந்திகளுக்குக் கீழே ‘பிக்-அப்’ என்னும் உறுப்பு உள்ளது. அது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி அமைத்தது. மோட்டார் காயில் கட்டுதலை அறிந்த கோவை மக்களுக்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அதனால் செப்புச் சுற்றில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கிறது. தந்தி நொடிக்கு 110 முறை அதிர்ந்தால் மின்னோட்டமும் 110 முறையே ஏறி இறங்கும். ஆம்ப்ளிஃபயர் அதனைப் பெருக்கித் தருமேயன்றி எண்ணிக்கையை மாற்றாது. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் ஆகியோர் உருவாக்கிய முதல் மின்கிதார்கள் தொட்டு இன்றுவரை அடிப்படை இதுவே.

ஆகவே சுருதி நழுவினால் குறை மின்சாரத்தில் இல்லை. தந்தியிலும், தந்தியைத் தாங்கும் மரத்திலும் இரும்பிலுமே உள்ளது. ஒரே ஒரு விலக்கு உண்டு. பிக்-அப் தந்திக்கு மிக அருகில் உயர்த்தப்பட்டிருந்தால் அதன் காந்தம் தந்தியை ஈர்த்து, குறிப்பாகத் தடித்த தந்திகளில், அலைபாயும் போலிச் சுருதியை எழுப்பும். பக்கத்துத் திருகுகளைத் தளர்த்திப் பிக்-அப்பைச் சற்றுத் தாழ்த்தினால் அக்குறை நீங்கும்.

இழுவிசையின் கணக்கு

தந்தியின் சுருதி மூன்றினைச் சார்ந்தது. அவை அதிரும் பகுதியின் நீளம், தந்தியின் பருமன், இழுவிசை என்பன. நீளம் பாதியானால் சுருதி இரு மடங்காகும். இழுவிசையால் அதனை இரு மடங்காக்க வேண்டுமாயின் இழுவிசை நான்கு மடங்காதல் வேண்டும். கிதாரின் ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தையும் குதிரையையும் ஏறத்தாழ 40 முதல் 50 கிலோ எடையளவு விசையால் எந்நேரமும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு மூட்டை அரிசியை ஒரு மரச்சட்டத்தில் இரவும் பகலும் தொங்கவிட்டது போன்றது இது.

எஃகு மிகக் குறைவாகவே நீளும். அதனால்தான் சிறு நழுவலும் பெரிய வேறுபாட்டை விளைவிக்கிறது. மெல்லிய முதல் தந்தி ஒரு மில்லிமீட்டர் நெகிழ்ந்தால் சுருதி ஏறத்தாழ ஒரு முழுச்சுரம் இறங்கிவிடும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நெகிழ்ந்தாலே பழகிய செவி அதனைக் கண்டுகொள்ளும். ஒரு தாளின் கனத்தளவு நழுவலைத்தான் நாம் தேடுகிறோம் என்பதனை உணர்ந்தால், குறை கண்ணுக்குத் தெரியாமல் போவதில் வியப்பில்லை.

முதற்குறை: தந்தி

வீணையின் உறுப்புப் பெயர்களைக் கொண்டே கிதாரின் உறுப்புகளையும் நாம் குறிக்கலாம். தந்தியை முறுக்குவது பிரடை. தலைப்பக்கத்தில் தந்தி அமர்ந்து செல்லும் பள்ளங்கள் உடையது மேரு. விரல் பதியும் கட்டைகள் மெட்டுகள். உடற்பகுதியில் தந்தியைத் தாங்குவது குதிரை.

புதிய தந்தி கட்டிய முதல் நாளில் சுருதி இறங்கிக்கொண்டே இருப்பது இயல்பு. பிரடையின் தண்டில் சுற்றிய சுற்றுகள் இன்னும் இறுகாமையே காரணம். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், கீழ்நோக்கி இரண்டு மூன்று சுற்றுகளாக வரிசையாக அமைதல் வேண்டும். பின்னர்த் தந்தியைப் பன்னிரண்டாம் மெட்டின் அருகே விரலால் மெல்ல உயர்த்தி இழுத்து, மீண்டும் சுருதி கூட்ட வேண்டும். இதனை நான்கைந்து முறை செய்தால் தந்தி நிலைபெறும். பழைய தந்தியோ வியர்வையாலும் துருவாலும் இடத்துக்கு இடம் பருமன் மாறி ஒரே சீராக அதிராது. தந்தியை மாற்றாமல் பிறவற்றைப் பழிப்பது நேரக்கேடு.

சுருதி கூட்டும் முறையிலும் ஒரு நெறி உண்டு. எப்போதும் கீழிருந்து மேலேறியே சுருதியை அடைய வேண்டும். கூடிவிட்டால் நன்கு இறக்கி, மீண்டும் ஏற்ற வேண்டும். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் பிரடையின் பற்களிடையே உள்ள சிறு இடைவெளி தந்தியைப் பின்னர் நெகிழ விடும்.

பெருங்குறை: மேரு

தந்தி நன்றாக இருந்தும் சுருதி நழுவுமாயின் பலரும் பிரடையையே பழிப்பர். வீணையில் அப்பழி பொருந்தலாம். அதன் பிரடை மரத்துளையில் மரம் உராய்ந்து நிற்பது; ஆதலின் வழுக்காதிருக்கச் சுண்ணக்கட்டி தேய்ப்பதுண்டு. கிதாரின் பிரடை அத்தகையதன்று. திருகுமரை ஒன்று பற்சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பு அது. குமிழை ஏறத்தாழ 14 முதல் 18 முறை திருப்பினால்தான் தண்டு ஒரு முறை சுழலும். திருகுமரை சக்கரத்தைச் சுழற்றுமேயன்றி, தந்தியின் இழுப்பால் சக்கரம் திருகுமரையைச் சுழற்ற இயலாது. எனவே பிரடை தானாகப் பின்வாங்குவது அரிது. ஐயமிருப்பின் தண்டிலும் அதன் அருகிலும் பென்சிலால் ஒரு நேர்கோடு இட்டு வைக்கலாம். சுருதி இறங்கிய பின்னும் கோடு நேராகவே நின்றால் பிரடை குற்றமற்றது. அதன் திருகுகளும் நட்டும் தளர்ந்திருப்பின் இறுக்கினால் போதும்.

உண்மையான குற்றவாளி பெரும்பாலும் மேருவே. மேருவின் பள்ளம் குறுகலாக இருந்தால் தந்தி அதில் சிக்கிக்கொள்கிறது. பிரடையைத் திருப்பும்போது சுருதி ஏறாமல் நின்று, திடீரென ‘டிங்’ என்ற ஒலியுடன் தாவி ஏறுமாயின் அதுவே அடையாளம். மற்றொரு சோதனையும் உண்டு. ஒரு தந்தியைச் சுருதி கூட்டி, விரலால் பக்கவாட்டில் நன்றாக வளைத்து விடுக. சுருதி இறங்கியிருந்தால், மேருவுக்கும் பிரடைக்கும் இடைப்பட்ட பகுதியில் அத்தந்தியை அழுத்தி விடுக. இறங்கிய சுருதி மீண்டு ஏறுமானால் தந்தி மேருவில் சிக்கியிருந்தது என்பது தெளிவு. வளைக்கும்போது மேருவைக் கடந்து வந்த தந்தி, விட்டபின் திரும்பிச் செல்ல இயலாமல் நின்றுவிட்டது என்பதே இதன் பொருள்.

மருந்து எளியது. கூர்மையான பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்தால் அதன் கரித்தூள் வழுக்குப்பொருளாகும். அதனாலும் தீராவிடில், பள்ளத்தைத் தந்தியின் பருமனுக்கேற்ப அகலப்படுத்தத் தேர்ந்த கைவினைஞரை நாட வேண்டும். ஆழப்படுத்திவிட்டால் மேரு வீணாகும். ஆதலின் இது கற்றுக்குட்டிகளின் வேலையன்று.

அசையும் குதிரை

1954-இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் குதிரையை ஒரு கோலால் அசைத்துச் சுருதியை நடுங்கச் செய்யும் அமைப்பு இடம்பெற்றது. இன்று மாணவர் வாங்கும் மலிவான மின்கிதார்களில் பலவும் அதனைப் பின்பற்றியவை. இக்குதிரை ஒருபுறம் தந்திகளின் இழுப்புக்கும், மறுபுறம் கருவியின் பின்னே உள்ள சுருள்வில்களின் இழுப்புக்கும் இடையே தராசுத்தட்டுப் போல மிதக்கிறது. ஒரு தந்தியின் சுருதியை ஏற்றினால் குதிரை சற்றே முன்சாயும். மற்ற ஐந்தின் சுருதியும் இறங்கும். இதனை அறியாதவர் ஆறாம் தந்தி வரை கூட்டி முடித்து முதல் தந்திக்குத் திரும்பும்போது, அது இறங்கியிருக்கக் கண்டு கருவியைப் பழிக்கின்றனர். அது குற்றமன்று, அமைப்பின் இயல்பு. மூன்று நான்கு சுற்றுகள் பொறுமையாகக் கூட்டினால் அது நிலைபெறும்.

கோலைப் பயன்படுத்தாத மாணவருக்கு ஒரு நல்வழி உண்டு. பின்மூடியைத் திறந்து, சுருள்வில்கள் மாட்டிய தகட்டின் திருகுகளைச் சிறிது சிறிதாக இறுக்கிக் குதிரை உடற்பகுதியில் படிந்து நிற்குமாறு செய்தால் மிதப்பு நீங்கும். சுருதியும் பெரிதும் நிலைக்கும்.

மரமும் வானிலையும்

மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியில் வீசும் ஈரக்காற்றும், பங்குனி சித்திரையின் வெயிலும் கழுத்தின் வளைவை மாற்றவல்லன. எஃகுத் தந்தியோ வெப்பத்தால் நீளும். அறையில் கூட்டிய சுருதி, மேடை விளக்குகளின் வெப்பத்தில் சில நிமிடங்களில் இறங்குவது இதனால்தான். மேடையேறிச் சிறிது நேரம் கழித்துச் சுருதி கூட்டுதலே முறை. கருவியை வெயிலில் நிற்கும் வண்டியிலும் சுவரோர ஈரத்திலும் வைத்தல் ஆகாது. கழுத்தினுள் ஓடும் இரும்புத்தண்டைத் திருகி வளைவைச் சீர்செய்யலாம். எனினும் ஒரு முறைக்குக் கால் திருப்புக்கு மேல் கூடாது. அறிந்தவர் துணையோடு செய்தலே நன்று.

சுருதி நின்றும் பிழைபடுவது

திறந்த தந்தி சரியாக ஒலித்தும் மேல்மெட்டுகளில் பிழைபடுமாயின் அது வேறு குறை. பன்னிரண்டாம் மெட்டின் நேரே தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அம்மெட்டில் அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் குதிரையில் அத்தந்தியின் தாங்கியைப் பின்தள்ளுக, இறங்கியிருந்தால் முன்தள்ளுக. கைப்பேசியில் கிடைக்கும் சுருதிச் செயலியே இச்சோதனைக்குப் போதும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஓர் உறுத்தல் எஞ்சலாம். கிதாரின் மெட்டுகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம கூறுகளாகப் பகுப்பவை. ஓர் அரைச்சுரத்தை நூறு சென்ட் எனக் கொண்டால், கிதாரின் அந்தர காந்தாரம் 400 சென்டில் நிற்கிறது. தம்புராவோடு இயைந்து ஒலிக்கும் தூய காந்தாரமோ ஏறத்தாழ 386 சென்டில் நிற்பது. இந்த 14 சென்ட் வேறுபாட்டைக் கூரிய செவி உணர்கிறது. ஓர் இசைக்கூட்டுக்குத் தூயதாகத் தந்தியைத் திருத்தினால் மற்றொன்று கெடுகிறது. வீணையில் மெழுகின்மேல் பதித்த மெட்டைப் பெயர்த்து வைக்கலாம், கிதாரில் இயலாது. ‘எவ்வளவு கூட்டினாலும் சேரவில்லை’ என்று வருந்தும் மாணவனின் செவி குறையுடையதன்று. பெரும்பாலும் அது நல்ல செவியே. மாண்டலின் யூ. சீனிவாஸ் (1969-2014) மெட்டுகள் உடைய மின்கருவியில் கமகங்களை எழுப்பிக் கருநாடக இசை மேடையை வென்றதும், கிதாரில் பிரசன்னா அவ்வழி நிற்பதும், கருவியின் எல்லையைக் கைவிரல் கடக்கும் என்பதற்குச் சான்றாகும்.

தேடும் வரிசை

தொகுத்து நோக்கின் வரிசை இதுவாகும்: முதலில் தந்தி, அதன் சுற்று, அடுத்து மேருவின் பள்ளம், அதன்பின் குதிரையும் சுருள்வில்லும், பின்னர்ப் பிரடையின் திருகுகள், இறுதியாகக் கழுத்து. செலவு குறைந்ததிலிருந்து மிகுந்ததை நோக்கிச் செல்லும் வரிசை இது. ஒரு நேரத்தில் ஒன்றனை மட்டுமே மாற்றிச் சோதிக்க வேண்டும்; இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் தீர்ந்தது என்பது தெரியாது போகும். புதிய பிரடைத் தொகுதிக்குச் செலவிட எண்ணுபவர் முதலில் ஒரு பென்சிலைக் கையில் எடுப்பாராக.

சீவகன் யாழ்களை விலக்கியபோது அவனுக்கு இசை தெரியாது என்று அவையோர் கூறவில்லை. குற்றம் எங்கே என்று அறிந்து கூறியதே அவன் புலமைக்கு முதற்சான்றாயிற்று. ஆசிரியரும் பெற்றோரும் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். ஒரு மாணவன் சுருதி சேரவில்லை என்று வந்து நின்றால், அவனிடமிருந்து கருவியை வாங்கி மேருவை முதலில் பார்ப்போம்; செவியைப் பற்றிய தீர்ப்பைப் பின்னர் வழங்கலாம். பெரும்பாலும் அத்தீர்ப்புக்குத் தேவையே இராது.